விளையாட்டுத் துவக்குக்கு விழும் நிஜ அடி

கொழும்பின் தோட்டங்களிலும் ஒழுங்கைகளிலும் அடிக்கடி மூளும் சண்டை ஒன்று உண்டு. யாருடைய மண்டையாவது உடைந்தால் ஒழிய அது செய்தியாவதில்லை. பாடசாலை விடுமுறை நாள். மதிலோரம் இரண்டு மூன்று பையன்கள். ஒருவன் கையில் பிளாஸ்டிக் துவக்கு. முச்சக்கரவண்டி ஒன்று திருப்பத்தில் மெதுவாகிறது. பையன் குறிபார்க்கிறான். சின்ன மஞ்சள் குண்டொன்று பறந்துபோய்ச் சாரதியின் கழுத்தில் படுகிறது. வண்டி நிற்கிறது. சாரதி இறங்கி வந்து பையனின் கன்னத்தில் ஓங்கி அறைகிறார். பையன் அலறிக்கொண்டு ஓடுகிறான். அப்பா வருகிறார், மாமா வருகிறார். சந்தித் தரிப்பிடத்திலிருந்து சாரதியின் கூட்டாளிகள் வருகிறார்கள். பத்து நிமிடத்துக்குள் பெரியவர்களின் கைகளில் பொல்லும் கல்லும் ஏறிவிடுகின்றன. பிளாஸ்டிக் துவக்கு வாய்க்காலோரம் கிடக்கிறது. அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

எல்லாம் முடிந்தபின் ஊர் இரண்டாகப் பிரிந்து பேசும். "பிள்ளையை வளர்த்த விதம் சரியில்லை" என்பது ஒரு பக்கம். "துவக்கை விற்றவனைப் பிடிக்க வேண்டும்" என்பது மறுபக்கம். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அடித்த கையைப் பற்றி இரண்டு பக்கமும் பேசுவதில்லை. குறும்பு செய்தது பிள்ளை. வன்முறை செய்தது பெரியவர். அந்த வன்முறை இரண்டு வேறு நேரங்களில் பிறக்கிறது என்பது என் கணிப்பு. ஒன்று, பயந்தவரின் முதல் இரண்டு வினாடிகளில். மற்றது, அது விளையாட்டுப் பொருள் என்று தெரிந்து, வெட்கப்பட்டு நிற்பவரின் அடுத்த இரண்டு நிமிடங்களில். இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் நாம் பிள்ளையையே திரும்பத் திரும்பக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம்.

முதல் வகைக்கு உலகம் நன்கறிந்த உதாரணம் அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்திலுள்ள கிளீவ்லாந்து நகரில் நடந்தது. 2014 நவம்பர் 22ஆம் திகதி, டமீர் ரைஸ் என்ற 12 வயதுச் சிறுவன் பூங்காவொன்றில் தனியாக விளையாடிக்கொண்டிருந்தான். கையில் இருந்தது பிளாஸ்டிக் குண்டு சுடும் விளையாட்டுத் துப்பாக்கி. நண்பன் ஒருவனிடம் இரவல் வாங்கியது. விளையாட்டுப் பொருள் என்று அடையாளம் காட்டும் செம்மஞ்சள் முனை அதில் இருக்கவில்லை. போகிற வருகிறவர்களை நோக்கி அதை நீட்டுவதும் இடுப்பில் செருகுவதுமாக இருந்தான். அங்கே அமர்ந்திருந்த ஒருவர் அவசர இலக்கத்துக்கு அழைத்தார். அவர் பதறவில்லை. துப்பாக்கி அநேகமாகப் பொய்யானதாக இருக்கும் என்றும், ஆள் அநேகமாகச் சிறுவனாக இருப்பான் என்றும் தெளிவாகச் சொன்னார்.

அந்த இரண்டு 'அநேகமாக'வும் ரோந்து வண்டிக்குப் போய்ச் சேரவில்லை. அழைப்பை ஏற்றவர் அவற்றைப் பதியவில்லை. வானொலியில் அறிவித்தவருக்குத் தெரியவில்லை. துப்பாக்கியோடு ஒருவர் நின்று மனிதர்களை நோக்கி நீட்டுகிறார் என்பது மட்டுமே இரண்டு பொலிஸாரின் காதில் விழுந்தது. வண்டி புல்வெளிக்குள் ஏறி, சிறுவனுக்குச் சில அடி தூரத்தில் போய் நின்றது. நின்று இரண்டு வினாடிக்குள் அதிகாரி சுட்டுவிட்டார். பிறகு வானொலியில் சொல்லப்பட்ட தகவலில் சுடப்பட்டவரின் வயது 'இருபது இருக்கலாம்' என்று இருந்தது. ஓடிவந்த 14 வயது அக்காவைத் தரையில் தள்ளி விலங்கு மாட்டினார்கள். வந்த பொலிஸார் இருவரும் முதலுதவி செய்யவில்லை. தற்செயலாக அருகில் இருந்த மத்திய புலனாய்வுத் துறை அதிகாரி ஒருவர் வந்துதான் சிறுவனைத் தொட்டுப் பார்த்தார். மறுநாள் டமீர் இறந்தான்.

2015 டிசம்பரில், வழக்குத் தொடரலாமா என்று தீர்மானிக்கும் பெரும் ஜூரிகள் குழு அந்தப் பொலிஸார் மீது குற்றச்சாட்டு எதையும் சுமத்த மறுத்தது. 2016இல் கிளீவ்லாந்து நகரம் குடும்பத்துக்கு 60 லட்சம் டொலர் இழப்பீடு கொடுக்க உடன்பட்டது. சுட்ட அதிகாரி 2017இல் வேலைநீக்கம் செய்யப்பட்டார். சுட்டதற்காக அல்ல, வேலைக்கு விண்ணப்பித்தபோது முந்தைய பணி பற்றிய உண்மையை மறைத்ததற்காக.

இந்தச் சம்பவத்தைப் பேசும்போது பலர் பொம்மையின் முனையிலேயே நின்றுவிடுகிறார்கள்: செம்மஞ்சள் முனை இருந்திருந்தால் பிள்ளை பிழைத்திருப்பானா? எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அந்தச் சில அடி தூரம். வண்டியைத் தள்ளி நிறுத்தி, அதன் மறைவில் நின்று குரல் கொடுத்திருந்தால், இரண்டு வினாடி இருபது வினாடியாக நீண்டிருக்கும். இருபது வினாடியில் 12 வயது முகம் தெரியும். நேரம் இல்லாமல் போனதற்குக் காரணம் சிறுவன் அல்லன். வண்டியை ஓட்டிய விதம். 1990இல் ஹவானாவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட, பலப்பிரயோகம் பற்றிய ஐக்கிய நாடுகளின் அடிப்படைக் கோட்பாடுகள் இதைத்தான் சொல்கின்றன: சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அதிகாரி தன்னை யாரென்று அறிவிக்க வேண்டும், சுடப்போவதாகத் தெளிவாக எச்சரிக்க வேண்டும், அந்த எச்சரிக்கைக்கு எதிரில் நிற்பவர் இணங்குவதற்கு அவகாசம் கொடுக்க வேண்டும்.

டமீருக்கு ஓராண்டுக்கு முன், 2013 ஒக்டோபர் 22இல், கலிபோர்னியாவின் சாந்தா ரோசாவில் 13 வயதான அண்டி லோப்பெஸ் ஏகே-47 போலச் செய்யப்பட்ட பிளாஸ்டிக் துப்பாக்கியோடு தெருவில் நடந்துகொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டான். அதற்கும் முன், 1983இல், அதே மாநிலத்தில் வீட்டுக்குள் தனியாக இருந்த ஐந்து வயதுக் குழந்தையின் கையில் இருந்த பொம்மைத் துப்பாக்கியைப் பார்த்துப் பொலிஸ்காரர் ஒருவர் சுட்டார். ஐந்து வயது.

சட்டங்கள் ஒவ்வொரு மரணத்துக்கும் பின்னால்தான் வந்தன. விளையாட்டுத் துப்பாக்கிகளுக்குச் செம்மஞ்சள் முனை வேண்டும் என்ற அமெரிக்க மத்திய சட்டம் 1988இல் நிறைவேறியது. முனையைக் கழற்றலாம், கறுப்பு மையால் மறைக்கலாம் என்று சிறுவர்கள் கண்டுபிடிக்க அதிக நாள் எடுக்கவில்லை. மறுபக்கம், நிஜத் துப்பாக்கிக்கு நிறம் பூசிப் பொம்மைபோலக் காட்டியவையும் பிடிபட்டன. அண்டியின் மரணத்துக்குப் பின் கலிபோர்னியா முனையோடு நிற்காமல், பொம்மையின் மேற்பரப்பே கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருக்க வேண்டும் என்றோ தெளிவான நிறப்பட்டிகள் வேண்டும் என்றோ விதித்தது. 2016 ஜனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. பிரித்தானியா 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிஜம்போலத் தோன்றும் போலித் துப்பாக்கிகளின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை எல்லாவற்றையும் பொதுவாகத் தடை செய்தது. நிறம் மாறிய பொம்மை உயிர் காக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பயம் நிறத்தைப் பார்ப்பதற்கு முன்பே வேலையைத் தொடங்கிவிடுகிறது.

திடீரென ஒன்று பாய்ந்தால் கண் இமைப்பதற்கு ஒரு வினாடியின் சிறு பங்கே போதும். மூளையின் அமிக்டலா என்ற பகுதி, கண்ட பொருள் என்னவென்று விளங்குவதற்கு முன்பே உடலை எச்சரித்துவிடுகிறது. இதயம் அடிக்கிறது, தசை இறுகுகிறது, பார்வை குறுகுகிறது. பார்வை எங்கே குறுகுகிறது என்பதும் ஆராயப்பட்டிருக்கிறது. 1987இல் எலிசபெத் லொஃப்டஸ் என்ற உளவியலாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஒரு பரிசோதனை செய்தார்கள்: உணவகத்தில் காசாளருக்கு முன் நிற்பவர் காசோலையை நீட்டும் காட்சியைச் சிலருக்கும், அதே ஆள் துப்பாக்கியை நீட்டும் காட்சியை வேறு சிலருக்கும் காட்டினார்கள். துப்பாக்கியைக் கண்டவர்களின் கண் துப்பாக்கியிலேயே ஒட்டிக்கொண்டது. பிடித்திருந்தவரின் முகம் அவர்கள் நினைவில் சரியாகப் பதியவில்லை. பிள்ளை பிள்ளைதான் என்று சொல்லும் அடையாளம் அனைத்தும் முகத்தில் இருக்கிறது: பால்வடியும் கன்னம், அடக்க முடியாத சிரிப்பு, ஒளிந்து நின்று பார்க்கும் நண்பன் பக்கம் ஓடும் கண். பயந்தவர் பார்க்காமல் விடுவது அந்த முகத்தைத்தான்.

முகத்தைப் பார்க்காத இடத்தை எதிர்பார்ப்பு நிரப்புகிறது. 2002இல் ஜோஷுவா கொரெல் என்ற உளவியலாளரின் குழு வெளியிட்ட ஆய்வில், கணினித் திரையில் தோன்றும் மனிதர் கையில் இருப்பது துப்பாக்கியா, கைப்பேசி போன்ற சாதாரணப் பொருளா என்று நொடிக்குள் முடிவெடுக்க வேண்டும். ஆயுதமில்லாத கறுப்பின மனிதரைத் தவறுதலாகச் சுடுவது, ஆயுதமில்லாத வெள்ளையரைச் சுடுவதைவிட அதிகமாக இருந்தது. 2014இல் வந்த இன்னோர் ஆய்வில், குற்றத்தோடு தொடர்புபடுத்திக் காட்டப்பட்ட கறுப்பினச் சிறுவர்களின் வயதைப் பார்த்தவர்கள் சராசரியாக நாலரை ஆண்டு கூட்டிச் சொன்னார்கள். டமீரை 'இருபது' என்று கண்ட கண் அந்த ஓர் அதிகாரியின் கண் மட்டுமல்ல.

இது அமெரிக்காவின் நிறப் பிரச்சினை, நமக்கென்ன என்று கடந்துபோக முடியாது. வயதைக் கூட்டிப் பார்க்கும் கண்ணைக் கொழும்புத் தமிழர்களுக்கு நன்றாகத் தெரியும். போர்க்காலத்தில் சோதனைச் சாவடியில் மீசை அரும்பாத 14 வயதுப் பையன் உயரமாக வளர்ந்திருந்தால் போதும். தேசிய அடையாள அட்டை எடுக்கும் வயது வராதவன் என்று விளக்கத் தாய்மார் பிறப்புச் சான்றிதழைக் கைப்பையில் கொண்டு திரிந்தார்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேரை பஸ்களில் ஏற்றி நகரைவிட்டு அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்த பிறகே அது நின்றது. ஒரு நகரம் யாரைப் பார்த்துப் பயப்படுவது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம்.

நகரத்தின் பயத்துக்குக் காரணங்கள் இருந்தன. அதை மறைப்பது நேர்மையாகாது. 1987இல் புறக்கோட்டை பஸ் நிலையக் குண்டு, 1996 ஜனவரியில் மத்திய வங்கி, அதே ஆண்டு ஜூலையில் தெஹிவளை ரயில் என்று கொழும்பின் சாதாரண மக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்திருக்கிறார்கள். இறந்தவர்களில் தமிழரும் இருந்தார்கள். போர் 2009 மே மாதம் முடிந்தது. பத்து ஆண்டு கழித்து, 2019 ஏப்ரல் 21இல், கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்திலும் நட்சத்திர ஹோட்டல்களிலும் நடந்த உயிர்த்த ஞாயிறு தாக்குதல் பழைய பயத்தை வேறொரு சமூகத்தின் மீது திருப்பிவிட்டது. பாடசாலை வாசலில் பிள்ளைகளின் பைகள் கிண்டப்பட்டன. உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் பைகளோடு பிள்ளைகள் போனார்கள். அந்த மே மாதம் ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண் கைது செய்யப்பட்டார். அவர் அணிந்திருந்த உடையில் இருந்தது கப்பல் சுக்கான் சக்கரத்தின் படம். பார்த்தவர்களுக்கு அது பௌத்தத்தின் தர்மச்சக்கரமாகத் தெரிந்தது. பயம் வந்த கண்ணுக்கு ஆடையே ஆயுதமாகத் தெரியும்போது, கறுப்பு பிளாஸ்டிக் துவக்கு எப்படித் தெரியும்?

இப்போது நகரத்தின் பயம் இன்னொரு பக்கம் திரும்பியிருக்கிறது. 2025 பெப்ரவரி 19ஆம் திகதி புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ளேயே பாதாள உலகக் கும்பல் தலைவர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் சட்டத்தரணி வேடத்தில் வந்தார். துப்பாக்கி, பக்கங்கள் வெட்டிக் குடையப்பட்ட சட்டப் புத்தகத்துக்குள் வந்தது. கொட்டாஞ்சேனையிலும் சுற்றுவட்டாரத்திலும் மோட்டார் சைக்கிளில் வந்து சுட்டுவிட்டுப் போகும் செய்திகளை மக்கள் மாதக்கணக்காகப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். போலித் துவக்கைக் காட்டிக் கொள்ளையடித்த செய்திகளும் இடையிடையே வருகின்றன. இந்தச் சூழலில், மாலை மங்கிய நேரத்தில் ஒழுங்கை முனையில் கடை வைத்திருப்பவரிடம் ஒரு பையன் துவக்கை நீட்டி "கையைத் தூக்கு" என்றால், அவர் சிரிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. கையில் கிடைத்ததை எடுத்து வீசவும் கூடும். அந்த முதல் வினாடியை நான் குறை சொல்லமாட்டேன்.

குறை சொல்ல வேண்டியது அடுத்த நிமிடத்தை. துவக்கு தரையில் விழுந்து பிளாஸ்டிக் சத்தம் கேட்ட பிறகு, பையன் "விளையாட்டுக்கு மாமா, விளையாட்டுக்கு" என்று கெஞ்சத் தொடங்கிய பிறகு விழும் அறையை, உதையை, பெல்ட் அடியை. நம் ஒழுங்கைகளில் பிள்ளைகள் படுகிற அடியில் பெரும்பகுதி ஆபத்து இல்லை என்று தெரிந்த பின்னர்தான் விழுகிறது என்பதே நான் இத்தனை காலம் பார்த்தும் கேட்டும் அறிந்தது.

ஏன் அப்போது? பயம் போனாலும் பயத்தால் எழுந்த உடற்கொதிப்பு உடனே அடங்குவதில்லை. டொல்ஃப் சில்மன் என்ற உளவியலாளர் 1970களில் இதை ஆராய்ந்தார். ஒரு பரிசோதனையில், முதலில் ஆத்திரமூட்டப்பட்டவர்களில் ஒரு பகுதியினரை நிலையான சைக்கிளில் கடுமையாக மிதிக்க வைத்தார்கள். மற்றவர்களுக்கு அமைதியான சின்ன வேலை. பிறகு ஆத்திரமூட்டியவருக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் வாய்ப்பு இரு சாராருக்கும் தரப்பட்டது. சைக்கிள் மிதித்தவர்கள் கூடுதல் கடுமையான அதிர்ச்சியைத் தேர்ந்தார்கள். மிதித்ததால் வந்த துடிப்பு கோபத்தோடு சேர்ந்து, எல்லாமே கோபமாகத் தோன்றிவிட்டது. துவக்கைக் கண்டு நடுங்கிய ஆளுக்கும் இதுதான் நடக்கிறது. நடுக்கம் இன்னும் உடம்பில் இருக்கிறது. அதற்குப் பெயர் வைக்க வேண்டிய நேரத்தில் 'பயம்' என்று வைப்பதைவிட 'கோபம்' என்று வைப்பது மானத்துக்கு இலகு.

மானம் என்று சொல்வது சும்மா இல்லை. தெருவில் பார்வையாளர் இருக்கிறார்கள். பத்து வயதுப் பையன் முன் கைதூக்கி நின்றதை, அல்லது தலையைக் குனிந்து ஒதுங்கியதை, தரிப்பிடத்திலிருந்து நான்கு பேர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். போன மதிப்பை மீட்க அந்த மனிதருக்குத் தெரிந்த ஒரே வழி கை ஓங்குவது. பையனின் அப்பாவுக்கும் அதே கணக்கு: தன் பிள்ளையை இன்னொருவன் அறைந்ததைத் தோட்டமே பார்த்துவிட்டது. இரண்டு பெரிய மனிதர்களின் மானம் மோதும்போது குறும்பு செய்த பிள்ளை கதையிலிருந்து காணாமல் போகிறான்.

கொழும்பில் இன்னோர் ஆபத்தும் சேர்கிறது. அறைந்தவர் ஒரு சமூகம், அறைபட்டவன் வேறொரு சமூகம் என்றால் சண்டை கைமாறிவிடும். 2014 ஜூனில் அளுத்கமவில் முஸ்லிம்களுக்கு எதிராக வெடித்த வன்முறைக்கு முன்னால் நடந்தது பிக்கு ஒருவர் பயணித்த வாகனத்தின் சாரதிக்கும் இளைஞர் சிலருக்கும் இடையிலான வீதித் தகராறு. 2018 மார்ச்சில் திகனவில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிவதற்கு முன்னால் நடந்தது தெல்தெனியாவில் லொறிச் சாரதி ஒருவர் தாக்கப்பட்டு இறந்த சம்பவம். தகராறு காரணமல்ல, காத்திருந்தவர்களுக்குக் கிடைத்த சாட்டு. ஆனாலும் தெருச் சண்டையைச் சமூகச் சண்டையாக்கக் காத்திருப்பவர்கள் உள்ள நாட்டில், பிள்ளையின் குறும்பை அந்த இடத்திலேயே சின்னதாக முடித்துவைப்பது பெரியவர்களின் கடமை.

பிள்ளைகள் இதை ஏன் செய்கிறார்கள்? கெட்ட பழக்கத்தால் அல்ல. வாழைமட்டையைக் கீறித் துவக்கு செய்து 'டும் டும்' என்று சுட்ட தலைமுறைகள் எல்லாம் கொலைகாரர்களாக வளரவில்லை. பிறரை ஏமாற்றும் விளையாட்டுக்கு மூளையில் ஒரு முதிர்ச்சி வேண்டும்: எனக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியாது என்று புரிய வேண்டும். 1983இல் விம்மர், பெர்னர் என்ற இரு உளவியலாளர்கள் குழந்தைகளுக்கு ஒரு கதை சொன்னார்கள்: சிறுவன் ஒருவன் சொக்லேட்டை ஒரு அலுமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான், அம்மா அதை வேறிடத்துக்கு மாற்றுகிறார், திரும்பி வருபவன் எங்கே தேடுவான்? மூன்று வயதுப் பிள்ளைகள் தடுமாறினார்கள். நான்கு ஐந்து வயதில் சரியான பதில் வரத் தொடங்கியது. ஆகவே பத்து வயதுப் பையனுக்கு ஏமாற்றத் தெரியும். ஏமாந்தவர் உயிருக்குப் பயந்தால் என்னென்ன செய்வார் என்று கணிக்கத்தான் தெரியாது. அந்தக் கணிப்புக்கு அனுபவம் வேண்டும். அனுபவம் இருந்தால் அது பத்து வயது இல்லை. பக்கத்தில் நண்பர்கள் இருந்தால் கட்டுப்பாடு இன்னும் இளகிவிடும். 2005இல் வெளியான ஆய்வொன்றில், கணினி வாகன விளையாட்டில் பதின்ம வயதினர் தனியாக இருந்தபோது எடுத்த ஆபத்தைவிட நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது அதிக ஆபத்தை எடுத்தார்கள். வளர்ந்தவர்களிடம் அந்த வேறுபாடு பெரும்பாலும் இல்லை.

பொருளையும் ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். புறக்கோட்டை கெய்சர் வீதியிலும் குறுக்குத் தெருக்களிலும் தொங்கும் துவக்குகளில் ஒன்றை வாங்கிப் பாருங்கள். உடல் கறுப்பு, பிடியில் நிஜத் துப்பாக்கியின் கீறல்கள், மேல்பகுதியைப் பின்னுக்கு இழுத்தால் சுருள்வில் இறுகி 'கிளிக்' என்று ஓசை கேட்கும். முனையில் செம்மஞ்சள் வளையம், ஒட்டப்படாமல் வெறுமனே செருகப்பட்டது. பிள்ளை பல்லால் கடித்து இழுத்தாலே கழன்றுவிடும். கூடவே ஒரு சின்னப் பொலித்தீன் பொட்டலத்தில் மஞ்சள் குண்டுகள். பெட்டியில் வயது எல்லையும் முகத்துக்குக் குறிவைக்க வேண்டாம் என்ற எச்சரிக்கையும் ஆங்கிலத்திலும் சீனத்திலும் எறும்பளவு எழுத்தில் இருக்கின்றன. வாங்கும் பிள்ளை தமிழிலோ சிங்களத்திலோ படிப்பவன்.

அந்தக் குண்டு 6 மில்லிமீற்றர். துணி மேல் பட்டால் சுள்ளென்று வலிக்கும். கண்ணில் பட்டால் கருவிழிக்குப் பின்னால் இரத்தம் கசியலாம், பார்வையும் போகலாம். 2015 ஜூலையில் ஆப்கானிஸ்தானில் பெருநாள் கொண்டாட்டத்தின்போது இத்தகைய விளையாட்டுத் துவக்குகளால் நூற்றுக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் சிறுவர்கள், கண்ணில் காயப்பட்டார்கள்; அரசாங்கம் அவற்றைத் தடை செய்தது. நாற்பது ஆண்டு நிஜத் துப்பாக்கிகளைப் பார்த்த நாடு அது. ஆகவே முச்சக்கரவண்டிச் சாரதியின் கோபத்துக்கு அடிப்படையே இல்லை என்று நான் சொல்லவில்லை. குண்டு இன்னும் கொஞ்சம் மேலே கண்ணில் பட்டிருந்தால் அவருடைய தொழிலே போயிருக்கும். அதை அவர் பெற்றோரிடம் போய்ச் சொல்லலாம், பொலிஸில் முறையிடலாம். பிள்ளையை அடிக்கும் உரிமை அதனால் பிறப்பதில்லை.

சட்டமும் இந்த இடத்தில் தெளிவாகவே இருக்கிறது. இலங்கையில் குற்றப் பொறுப்புக்கான வயது முன்பு எட்டு. 2018ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம் அதைப் பன்னிரண்டாக உயர்த்தியது. 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்வது எதுவும் குற்றமாகாது. 12க்கும் 14க்கும் இடைப்பட்ட பிள்ளைக்குத் தன் செயலின் தன்மையை விளங்கும் முதிர்ச்சி இருந்ததா என்று நீதவான் பார்க்க வேண்டும். 1883இல் வந்த அதே சட்டக்கோவை தற்காப்பு உரிமையை ஏற்கிறது; நல்லெண்ணத்தோடு நிகழ்ந்த பொருண்மைத் தவறையும் ஏற்கிறது. நிஜத் துப்பாக்கி என்று உண்மையாகவே நம்பித் தட்டிவிட்டவருக்கு அது பாதுகாப்பு. ஆனால் ஆபத்து முடிந்த கணத்தில் தற்காப்பும் முடிந்துவிடுகிறது. அதன்பின் விழும் அடி வேண்டுமென்றே காயம் விளைவித்தல். திடீர் ஆத்திரமூட்டல் தண்டனையைக் குறைக்கலாம். குற்றத்தை இல்லாமல் செய்யாது. 'அவன்தானே முதலில் சுட்டான்' என்ற வாதத்துக்குப் பத்து வயதுப் பிள்ளையின் முன் சட்டத்தில் இடமில்லை, மனச்சாட்சியிலும் இருக்கக் கூடாது.

பொலிஸாரிடம் எதிர்பார்க்க வேண்டியவையும் உண்டு. 119க்கு அழைப்பவர் 'சின்னப் பையன் போலத் தெரிகிறது, விளையாட்டுத் துவக்காக இருக்கலாம்' என்று சொன்னால் அந்தச் சந்தேகம் ரோந்து வண்டி வரை அப்படியே போய்ச் சேர வேண்டும். கிளீவ்லாந்தில் அறுந்தது அந்த இழைதான். வருகிறவர்கள் தூரத்தில் நின்று பேச வேண்டும். பேசுவது பிள்ளைக்கு விளங்கும் மொழியாகவும் இருக்க வேண்டும். கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ தமிழ் மட்டும் சரளமாகத் தெரிந்த பிள்ளை, சிங்களத்தில் அதட்டிச் சொல்லப்படும் கட்டளைக்குத் திகைத்து நிற்பான். திகைப்பைப் பணிய மறுப்பதாகப் படிப்பது மிக எளிது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அது காகிதத்தைவிட்டு ரோந்து வண்டிக்குள் ஏற வேண்டும்.

இறக்குமதியாளர்களுக்கும் வியாபாரிகளுக்கும் கேட்பது பெரிதல்ல. கறுப்பிலும் உலோக நிறத்திலும் வரும் நிஜப் பிரதிகளை விட்டுவிட்டு, பச்சையிலும் ஊதாவிலும் முழு உடலும் நிறமாக இருப்பதைத் தருவிக்கலாம். அவையும் அதே துறைமுகம் வழியாகத்தான் வருகின்றன. கட்டாயப்படுத்தும் விதி வேண்டும் என்று பாவனையாளர் அமைப்புகள் கேட்க வேண்டும். பெற்றோருக்குச் சொல்ல இருப்பது இன்னும் குறைவு: துவக்கு வாங்கிக் கொடுத்தால் தெருவுக்குக் கொண்டுபோக விடாதீர்கள், தெரியாதவர்களை நோக்கி நீட்டக் கூடாது என்பதற்கான காரணத்தைப் பிள்ளைக்கு மறைக்காமல் சொல்லுங்கள். 'பொலிஸ் பிடிக்கும்' என்று மிரட்டுவதைவிட, 'அந்த மாமா உண்மையென்று நினைத்துப் பயந்துபோவார்' என்று சொன்னால் பத்து வயதுக்கு விளங்கும்.

அதையும் மீறிப் பிள்ளை அடிபட்டுவிட்டால், அடித்தவரைத் தேடி ஆள் சேர்த்துக்கொண்டு போகாதீர்கள். முதலில் அரச வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்; சிறு பிள்ளை என்றால் பொரளை சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. காதைச் சேர்த்து விழுந்த அறை என்றால் காதைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். செவிப்பறை கிழிந்தது வெளியே தெரியாது. காயம் எப்படி வந்தது என்பதை வைத்தியரிடம் உள்ளபடி சொல்லிப் பதியச் செய்யுங்கள். பிறகு பொலிஸ் முறைப்பாடு. பிள்ளையிடம் வாக்குமூலம் எடுக்கும்போது நீங்கள் கூடவே இருங்கள், அது தமிழில் எழுதப்பட வேண்டும் என்று கேளுங்கள், விளங்காத மொழியில் எழுதியதற்குக் கையெழுத்துப் போடாதீர்கள். முறைப்பாட்டை ஏற்கத் தயங்கினால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள். பிள்ளை துவக்கை நீட்டியதை மறைக்க வேண்டாம்; அதையும் சேர்த்தே சொல்லுங்கள். 12 வயதுக்குக் குறைந்தவன் என்றால் அதனால் அவன் குற்றவாளியாகிவிட மாட்டான்.